கசிவு நின்ற பிறகு

(மாலை நேர வாசிப்பு மையத்தில் ஒரு தொண்டர் பேசியது)



இன்று கதை படிக்கவில்லை. ஒரு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். குடோனில் பாரம் தூக்கும் வண்டி. அதை ஃபோர்க் லிஃப்ட் என்கிறோம்.

நாம் இருப்பது பெங்களூருவில், பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம். இங்கே குடோனும் பட்டறையும் நிறைய. உங்களில் சிலர் இந்த வண்டியை ஓட்டுகிறீர்கள். சிலர் அதன் பக்கத்தில் நின்று மூட்டை அடுக்குகிறீர்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பகலில் இந்த வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. மாலையில் உங்களோடு இங்கே. கையில் பட்டதைத்தான் சொல்கிறேன்.

போன வாரம் நம் மையத்தில் ஒரு அண்ணன் கேட்டார்.

"தம்பி, வண்டியில் எண்ணெய் ஒழுகியது. மெக்கானிக் வந்தார். புது ஹோஸ் மாட்டினார். ஒழுகல் நின்றது. ஆனால் இப்போது ஃபோர்க் பாதி உயரத்துக்கு மேல் ஏறவில்லை. கர்ரென்று சத்தம் வேறு. பம்பு போய்விட்டது என்கிறார்கள். ஓட்டியது நீதானே என்று முதலாளி என்னைப் பார்க்கிறார். பம்பு விலையை என் சம்பளத்தில் பிடிப்பார்களா?"

நல்ல கேள்வி. வயிற்றைத் தொடும் கேள்வி. அதற்காகத்தான் இன்றைய பேச்சு.

கசிவு நின்றால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கசிவு நின்ற பிறகுதான் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எண்ணெய் எப்படிப் பாரம் தூக்குகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுங்கள். அதன் வாயை விரலால் அடையுங்கள். கைப்பிடியை அழுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போகும். விட்டால் திரும்பி வரும். காற்று சுருங்கும், விரியும். பஞ்சு மாதிரி.

அதே பம்பில் தண்ணீர் நிரப்பி அழுத்துங்கள். அசையாது. தண்ணீர் சுருங்காது. எண்ணெயும் அப்படித்தான். கல் மாதிரி நிற்கும்.

பிரான்சு நாட்டில் பிளெய்ஸ் பாஸ்கல் என்று ஒரு அறிஞர் இருந்தார். 1623-இல் பிறந்தவர். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று அவர் சொன்னார். நம் ஃபோர்க் லிஃப்ட் வேலை செய்வது அந்த விதியில்தான்.

வண்டியில் ஒரு எண்ணெய் டேங்க் இருக்கிறது. பம்பு அதிலிருந்து எண்ணெயை உறிஞ்சுகிறது. வால்வுக்குத் தள்ளுகிறது. ஓட்டுநர் லீவரை இழுத்தால் வால்வு வழி விடுகிறது. எண்ணெய் ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குப் போகிறது. சிலிண்டரின் தண்டு மேலே எழும்புகிறது. அது சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி ஃபோர்க்கைத் தூக்குகிறது.

இறங்கும்போது பம்பு தள்ளுவதில்லை. ஃபோர்க்கின் எடையும் பாரத்தின் எடையும் எண்ணெயைத் திரும்ப டேங்குக்கு அனுப்புகின்றன. ஏற்றுவது எண்ணெய். இறக்குவது எடை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு? கார் டயரில் ஏறக்குறைய 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். பாரம் தூக்கும் ஃபோர்க் லிஃப்டின் ஹோஸுக்குள் 2000 பவுண்டு, சில வண்டிகளில் அதற்கும் மேலே. டயர் வெடித்தாலே பயப்படுகிறோம். இது அதைப் போல 60, 70 மடங்கு.

முதலில் கையைக் காப்பாற்றுங்கள்

பழுது பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாலும் போதும்.

ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. புகை மாதிரி லேசாகத் தெரியும். எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்ப்பார்கள். பட்டறையில் பார்த்திருக்கிறேன். பழைய ஆட்களும் செய்கிறார்கள். கூடவே கூடாது!

அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை போட்டிருந்தாலும் போகும். முதலில் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. வலி குறைவு. ஆள் வேலையைத் தொடர்வார். சில மணி நேரத்தில் விரல் வீங்கும், கறுக்கும். எண்ணெய் உள்ளே சதையைக் கெடுத்துக்கொண்டே போகும். தாமதித்தால் விரலை எடுக்க வேண்டி வரும்.

அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். காலையில் பார்க்கலாம் என்று தூங்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் "வெட்டுக் காயம்" என்று சொல்லாதீர்கள். "அழுத்தத்தோடு வந்த எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது" என்று சொல்லுங்கள். என்ன எண்ணெய் என்று டப்பாவில் இருக்கும் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கசிவைத் தேட என்ன வழி? ஒரு அட்டைத் துண்டு போதும். குடோனில் அட்டைக்குப் பஞ்சமா? நீளமான துண்டாக எடுத்து, தள்ளி நின்று ஹோஸ் பக்கம் காட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழும் இடத்தில்தான் ஓட்டை.

இன்னொன்று. தூக்கி நிற்கும் ஃபோர்க்குக்குக் கீழே யாரும் போகக் கூடாது. எண்ணெய் தாங்கும் என்று நம்பாதீர்கள். எண்ணெய் பூட்டு அல்ல. ஒரு இணைப்பு நழுவினால் ஃபோர்க் விழும். இறக்குவது எடை என்று சொன்னேனே, அதுதான்.

ஆகவே வேலை தொடங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். ஃபோர்க்கைத் தரையில் முழுக்க இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பிறகு லீவர்களை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். உள்ளே மிச்சம் நிற்கும் அழுத்தம் அப்போது வெளியேறும். சில புது வண்டிகளில் லீவர் மின்சாரத்தில் வேலை செய்கிறது. அவற்றுக்கு வண்டியின் புத்தகத்தில் தனி வழி போட்டிருக்கும். பேட்டரி வண்டி என்றால் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். மாஸ்டைத் தூக்கி வைத்தே வேலை செய்ய வேண்டிய இடமும் உண்டு. அப்போது கனமான மரக்கட்டையும் சங்கிலியும் கொண்டு மாஸ்டை முட்டுக் கொடுக்காமல் கை வைக்கவே கூடாது.

பாதி உயரத்தில் நிற்கும் ஃபோர்க்

இப்போது அண்ணனின் வண்டிக்கு வருவோம்.

ஹோஸைக் கழற்றினால் என்ன நடக்கும்? எண்ணெய் வெளியே போகும். காற்று உள்ளே போகும். சில சமயம் அழுக்கும் உள்ளே போகும். ரிப்பேருக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால்தான் வருகின்றன. பம்பு பாவம். எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது.

முதலில் எண்ணெய் அளவு. ஒரு கணக்குப் போடுவோமா? நம் பாடப் புத்தகத்தில் உருளையின் கொள்ளளவு படித்தோமே, அதே கணக்கு. சிலிண்டரின் உள் அகலம் 5 சென்டிமீட்டர், தண்டு எழும்பும் நீளம் 150 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அது நிரம்ப ஏறக்குறைய 3 லிட்டர் எண்ணெய் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இப்படி இரண்டு சிலிண்டர் இருக்கிறது. ஆக 6 லிட்டர். டேங்கில் அந்த 6 லிட்டர் இல்லை என்றால் ஃபோர்க் எப்படி உச்சிக்குப் போகும்? பாதியில் நிற்கும். பம்பு உறிஞ்ச எண்ணெய் இல்லாமல் காற்றை உறிஞ்சும். கர்ரென்று கத்தும்.

அந்த அண்ணன் வண்டியில் நடந்தது இதுதான். ஒழுகிப் போன எண்ணெயை யாரும் திரும்ப ஊற்றவில்லை. மெக்கானிக் முதலாளி ஊற்றுவார் என்று போய்விட்டார். முதலாளி மெக்கானிக் ஊற்றியிருப்பார் என்று நினைத்துவிட்டார். ஆறரை லிட்டர் பிடித்தது. ஃபோர்க் உச்சி வரை போனது. பம்புக்கு ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு நாள் அப்படியே ஓட்டியிருந்தால் நிஜமாகவே போயிருக்கும். பம்பின் பற்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருவதும் அதே எண்ணெய்தான். வெறும் காற்றில் சுற்றினால் தேய்ந்துவிடும்.

எண்ணெய் அளவு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஃபோர்க் தரையில் இருக்க வேண்டும். மாஸ்ட் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் எல்லாம் டேங்கில் இருக்கும். ஃபோர்க் மேலே இருக்கும்போது பார்த்தால் டேங்க் காலியாகத் தெரியும். ஐயோ குறைந்துவிட்டதே என்று ஊற்றுவார்கள். ஃபோர்க்கை இறக்கியதும் எண்ணெய் மூடி வழியாகப் பொங்கும். சாம்பார் பொங்குகிற மாதிரி. பிறகு மறுபடி ஒழுகுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்!

டப்பாவைப் படியுங்கள்

ஊற்றும் எண்ணெய் எது? வண்டியின் புத்தகத்திலோ டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளிலோ எழுதியிருக்கும். நம் ஊர் டப்பாக்களில் ஆங்கில எழுத்துதான் அதிகம். கவலை வேண்டாம். எண்ணைப் பாருங்கள்.  32, 46, 68 என்று ஏதாவது ஒன்று இருக்கும். எண் ஏற ஏற எண்ணெய் கெட்டி. வண்டியில் 46 என்று போட்டிருந்தால் டப்பாவிலும் 46 இருக்க வேண்டும். எண் ஒத்துப் போனாலும் அது ஹைட்ராலிக் எண்ணெய்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பிரேக் எண்ணெயை இதில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அந்த எண்ணெய்க்குப் பொருந்தாது. ஊறி உப்பும், கெட்டுப் போகும். ஒரு கசிவை அடைத்த வண்டி ஐந்து இடத்தில் ஒழுகத் தொடங்கும். மூலையில் மூடியில்லாமல் கிடந்த பழைய எண்ணெயும் வேண்டாம். தூசியைக் காசு கொடுக்காமல் வாங்கி உள்ளே விடுவதுதான் அது.

புது ஹோஸிலும் எழுத்து இருக்கிறது. எத்தனை அழுத்தம் தாங்கும், எப்போது செய்தது என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஹோஸின் நீளத்துக்கு அது ஒரே கோடாக ஓடும். மாட்டிய பிறகு அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கொடிமுறுக்கு மாதிரி சுற்றியிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஹோஸ் சீக்கிரம் வெடிக்கும். கழற்றி நேராக மாட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் இதைக் கண்ணால் பார்த்திருக்கலாம். இப்போது எண்ணையும் படிக்கலாம்.

காற்று புகுந்தால்

எண்ணெய் அளவு சரி. ஆனாலும் ஃபோர்க் குதித்துக் குதித்து ஏறுகிறது. நின்ற இடத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. டேங்கைத் திறந்தால் மேலே நுரை. இதற்குக் காரணம் காற்று. சைக்கிள் பம்பு ஞாபகம் இருக்கிறதா? காற்று சுருங்கி விரிவதால்தான் இந்த ஆட்டம்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் முன் நர்சம்மா என்ன செய்கிறார்? குழாயில் இருக்கும் காற்றை முதலில் வெளியே விடுகிறார். இங்கேயும் அதுதான்.

பாரம் இல்லாமல் எஞ்சினை மெதுவாக ஓட விடுங்கள். ஃபோர்க்கை ஒரு அடி தூக்கி இறக்குங்கள். பிறகு இரண்டு அடி. பிறகு பாதி. பிறகு முழு உயரம். அவசரம் வேண்டாம். மாஸ்டை முன்னும் பின்னும் சாய்க்கும் லீவரையும் பல முறை இயக்குங்கள். காற்று எண்ணெயோடு டேங்குக்குப் போய், அங்கே மேலே வந்து வெளியேறும். நடுவில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் நிரம்புவதால் டேங்கில் குறையும். சில சிலிண்டர்களில் காற்று விடும் திருகு இருக்கிறது. அதைத் திறப்பது மெக்கானிக் வேலை.

உச்சிக்குப் போன பிறகும் லீவரை இழுத்துப் பிடிக்காதீர்கள். எண்ணெய் வீணாகச் சுற்றிச் சூடாகும்.

இப்படிச் செய்தும் மறுநாள் நுரை வந்தால்? காற்று எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது. இந்த இடத்தில்தான் நல்ல மெக்கானிக்கும் தடுமாறுவார். ஏனென்றால் வெளியே ஒரு சொட்டுக்கூட இருக்காது.

ஊரில் அடி பம்பில் வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியே ஒழுகாது. காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே கீச்சென்று கத்தும். அதே கதை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு ஹோஸ் இருக்கிறது. அது உறிஞ்சும் ஹோஸ். அதன் கிளிப் தளர்ந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியே ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே ஒழுகுவது தெரியாது. அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று புகும் இடம் அதுதான். சுற்றும் பெல்ட், விசிறி பக்கம் கை போகாமல் மெக்கானிக் அதைச் செய்யட்டும்.

எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து ஒரு இரவு வையுங்கள். காலையில் தெளிந்து, அடியிலும் ஒன்றும் இல்லை என்றால் கலந்திருந்தது காற்று. தெளியாமல் நின்றாலோ, அடியில் தண்ணீர் தங்கினாலோ எண்ணெய் முழுவதையும் மாற்ற வேண்டும்.

அழுக்கு செய்யும் வேலை

வெறும் ஃபோர்க் நன்றாக ஏறுகிறது. பாரம் வைத்தால் ஏறவில்லை. இது வேறு நோய்.

டேங்குக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. டீ வடிகட்டி மாதிரி. ரிப்பேரின்போது துடைத்த வேஸ்ட் பஞ்சு உள்ளே விழுந்து அதை அடைத்திருக்கலாம். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இணைப்புகளில் சுற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த டேப்பின் சிறு துணுக்கு பிய்ந்து போய் வால்வில் சிக்கும். தண்ணீர்க் குழாய்க்கு நல்லது எல்லாம் எண்ணெய்க் குழாய்க்கு நல்லது அல்ல.

சிக்கும் இடம் பல சமயம் ரிலீஃப் வால்வு. குக்கரில் வெயிட் இருக்கிறதே, அது மாதிரி. அழுத்தம் அளவுக்கு மேலே போனால் இது திறந்து எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும். அழுக்குச் சிக்கினால் மூடாமல் கொஞ்சம் திறந்தே நிற்கும். அழுத்தம் ஏறாது. பாரம் தூக்காது.

இங்கேதான் பெரிய ஆபத்து. அந்த வால்வில் ஒரு திருகு இருக்கிறது. "அதை இரண்டு சுற்று இறுக்கு, தூக்கும்" என்பார்கள். உண்மைதான், தூக்கும். பிறகு? அடுத்த வாரம் அழுக்கு தானாக விலகும். இறுக்கிய திருகு இறுக்கியபடியே இருக்கும். வண்டியின் தகட்டில் 2000 கிலோ என்று எழுதியிருக்கும். வண்டி அதற்கு மேலே தூக்கத் தொடங்கும். தூக்க முடிகிறதே என்று ஏற்றுவார்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வண்டி கவிழும். இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல்லை வைப்பாரா யாராவது? அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டாமல் அந்தத் திருகைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் தடுங்கள். மேஸ்திரியானாலும் சரி.

மாட்டுவதில் வரும் தவறுகளும் உண்டு. சாய்க்கும் சிலிண்டரின் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றி மாட்டினால், பின்னால் சாய்க்க இழுக்கும் லீவர் முன்னால் சாய்க்கும். பாரத்தோடு அது நடந்தால் மூட்டை எல்லாம் முன்னால் நிற்பவர் மேல்தான். சீலுக்கு முகம் இருக்கிறது. அதன் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பாரம் நிற்காது. இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வு ஒன்றும் இருக்கிறது. அதை மறந்துவிட்டால் ஃபோர்க் தொப்பென்று விழும். திருப்பி மாட்டினால் அதன் வேலையைச் செய்யாது. இவற்றை எல்லாம் பாரம் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். ரிப்பேர் ஆன வண்டியை நேராக லாரிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டு

கடைசிச் சோதனைக்குச் சாக்பீஸ் போதும். அளவுக்கு உட்பட்ட பாரத்தை ஃபோர்க்கில் வைத்து ஒரு அடி மட்டும் தூக்குங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். மாஸ்டில் ஃபோர்க் நிற்கும் மட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போடுங்கள். தள்ளி நில்லுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எவ்வளவு இறங்கலாம் என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் இறங்கியிருந்தால், வெளியே சொட்டு இல்லாவிட்டாலும், வால்வு வழியாகவோ சீல் வழியாகவோ எண்ணெய் திரும்பிப் போகிறது. வண்டி வேலைக்குப் போகக் கூடாது.

பிறகு நோட்டில் எழுதுங்கள். நாலு வரி போதும். தேதி. வண்டியின் மணிக் கணக்கு மீட்டரில் இருக்கும் எண். என்ன மாற்றினார்கள். எத்தனை லிட்டர் எண்ணெய், எந்த எண். மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்குங்கள். "12-ஆம் தேதி ஹோஸ் மாற்றம், எண்ணெய் ஊற்றவில்லை" என்று அந்த அண்ணன் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், பம்பு பேச்சே வந்திருக்காது. வாயால் சொன்னதை மறுக்கலாம். எழுதியதை மறுப்பது கஷ்டம்.

தரையில் கொட்டிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பரவும். வழுக்கும். மரத்தூளோ மணலோ போட்டு, ஊறிய பிறகு பெருக்குங்கள். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடக் கூடாது. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது ஆபத்தான கழிவு. டப்பாவில் சேர்த்து, அதற்கு அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இதைப் பேசி முடிக்கும்போது பின் வரிசையில் இருந்த அக்கா ஒருவர் கை தூக்குகிறார். கேளுங்கள் அக்கா.

"நாங்கள் வண்டி ஓட்டுவதில்லை. குடோனைப் பெருக்குகிறோம், மூட்டை பிரிக்கிறோம். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?"

அக்கா, எல்லோருக்கும் முன்னால் தரையைப் பார்ப்பது நீங்கள்தான். காலையில் வண்டி நகரும் முன் அதன் அடியில் பாருங்கள். முன்பக்கம் மாஸ்டுக்குக் கீழே சொட்டு இருந்தால் சிலிண்டர் பக்கம் ஒழுகுகிறது. நடுவில் இருந்தால் பம்பு, வால்வு பக்கம் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். தேன் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் நாம் பேசிய எண்ணெய். வண்டிக்குக் கீழே ஒரு பழைய அட்டையைப் போட்டு வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நேற்று துடைத்த இடத்தில் இன்று மறுபடி சொட்டு இருந்தால், ஓட்டுநர் சாவியைத் திருப்பும் முன் அவரிடம் சொல்லுங்கள்.